தேஞ்சதைத் தூக்கிப் போடுறதா, திருப்பிப் பூட்டுறதா?

போன மாசம் எங்க டிராக்டர் இன்ஜினைப் பிரிச்சோம். பதினாறு வருசம் உழைச்ச வண்டி. நீலப்புகை கக்குது, ஆயில் குடிக்குது. கோயமுத்தூர்ல கார் வச்சிருக்கிற அக்கா மகன் போன்லயே தீர்ப்புச் சொல்லிட்டான்: "மாமா, பழசு எதையும் திரும்பப் போடாதீங்க. எல்லாத்தையும் புதுசா மாத்திடுங்க." பக்கத்துத் தோட்டத்து அண்ணன் நேர் எதிர்: "ரிங்கை மட்டும் மாத்து தம்பி, மத்ததெல்லாம் ஓடும்."

ரெண்டு பேருமே இன்ஜினைக் கண்ணால பார்க்கலை. ஒருத்தருக்குப் பயம், இன்னொருத்தருக்குக் கஞ்சத்தனம். ரெண்டும் அளவுகோல் ஆகாது.

கஞ்சத்தனத்துக்கு நான் கொடுத்த விலையைச் சொல்றேன். எட்டு வருசம் முந்தி கிணத்து டீசல் இன்ஜின்ல பழைய பேரிங் செல்லையே திருப்பிப் போட்டேன். பார்க்கப் பளபளன்னு இருந்ததே! மிச்சம் பிடிச்சது சில நூறு ரூபாய். அந்தக் கோடையிலேயே செல் கடிச்சு, கிராங்க்ல கோடு விழுந்து, இன்ஜின் நின்னுபோச்சு. தண்ணி இல்லாம கதிர் பிடிச்ச மக்காச்சோளம் கண் முன்னாடி காய்ஞ்சது.

அதனால இந்தத் தடவை லேத் பட்டறையில மைக்ரோமீட்டர் வச்சு அளந்துட்டுத்தான் பேசினோம். கிராங்க் முட்டை வடிவமாத் தேஞ்சிருந்தது. தூக்கிப் போடலை, 0.25 மி.மீ. கடைஞ்சு, அந்தச் சைசுக்கான புது செல் போட்டோம். கனெக்டிங் ராடுல வளைவு இல்லை, கேம் ஷாஃப்ட் அளவுக்குள்ள இருந்தது, ரெண்டும் திரும்பப் போச்சு. லைனர் மேல்பக்கம் நல்லாத் தேஞ்சிருந்தது. எரியிற சூடும் அழுத்தமும் அங்கதான் அதிகம், ஆயில் அங்கதான் குறைவு. அதுக்குள்ள புது ரிங் போட்டா மேலே இடைவெளி அகண்டு, கீழே குறுகி, புகை மறுபடி வரும். அதனால லைனர், பிஸ்டன், ரிங் மூணும் புதுசு. கேஸ்கெட், ஆயில் சீலுக்குப் பேச்சே இல்லை, புதுசுதான். ஒரு தடவை நசுங்கின ஹெட் கேஸ்கெட் மறுபடி அடைக்காது.

நகரத்து நண்பர்களே, பழைய சாமானைத் திருப்பிப் பூட்டுறதை ஏழ்மைன்னு நினைக்காதீங்க. அளவுல நிக்கிற கிராங்கைக் காயலான் கடைக்கு எடை போட்டு அனுப்புறதுதான் ஊதாரித்தனம். புது டப்பாவுக்குள்ள போலி சாமானும் வரும்; அளந்து தேறின பழசு அதைவிட மேல். அதேசமயம் இப்போதைய சில கார்கள்ல ஹெட் போல்ட்டை முறுக்கும்போதே அது நீளும்படி செஞ்சிருக்காங்க. அதைத் திரும்பப் போடக் கூடாதுன்னு கம்பெனி புத்தகம் சொன்னா, அங்க சிக்கனம் பேசக் கூடாது.

வண்டி ஐப்பசி மழைக்கு முன்னாடி காட்டுல இறங்கிருச்சு. உங்க மெக்கானிக் "எல்லாம் போச்சு"ன்னாலும் சரி, "எல்லாம் நல்லாருக்கு"ன்னாலும் சரி, பணத்தை எடுக்கும் முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "அளந்து பார்த்தீங்களாங்க?"