பாட்டி முடிந்து வைத்த வெள்ளி ரூபாய்



போன இதழில் வெள்ளிச் சாமான் துலக்குவதைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பூந்தமல்லியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "குங்குமச் சிமிழ், பஞ்சபாத்திரம் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டன. மாமியார் கொடுத்த பழைய வெள்ளி ரூபாய் ஒன்று கறுத்துக் கிடக்கிறது. அதையும் விபூதி போட்டுத் தேய்க்கலாமா?"

வேண்டாம், வேண்டவே வேண்டாம்! விபூதி, பல்பொடி, புளி எதுவுமே கூடாது. நாணயத்தின் மேல் தெரிகிற முகம், தலைமுடி, எழுத்து எல்லாம் மயிரிழை உயரந்தான். தேய்க்கத் தேய்க்க மழுங்கிப் போகும். அந்தக் கறுப்பு அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் படலம். விஷயம் தெரிந்தவர்கள் அந்தப் படலத்தோடு இருக்கும் காசைத்தான் மதிப்பார்கள். பளபளவென்று மின்னினால், "யாரோ தேய்த்துவிட்டார்கள்" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அது சரி, கையில் இருப்பது வெள்ளிதானா? இந்தக் கேள்வி எங்கள் அம்பத்தூர் வீட்டையே ஒரு வாரம் ஆட்டி வைத்தது.

எங்கள் வீட்டு ரூபாய் 1907-ஆம் வருஷத்தது. ஒரு பக்கம் ஏழாம் எட்வர்டு மன்னர், கிரீடம் இல்லாத தலை. என் மாமியாரின் பாட்டி வைத்திருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸே காலியானதே, அப்போது அவர்கள் குடும்பம் புரசைவாக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் திருவள்ளூர்ப் பக்கம் போனதாம். யுத்தத்துக்கு வெள்ளி தேவை. அந்த வருஷங்களில்தான் சர்க்கார் பழைய வெள்ளி ரூபாய்களைச் செல்லாது என்று அறிவித்துத் திரும்ப வாங்கிக் கொண்டிருந்தது. இருந்ததையெல்லாம் மாற்றிய பாட்டி, ஒன்றை மட்டும் மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாராம், வண்டியில் ஜுரத்தோடு கிடந்த மகனுக்காக. பிள்ளை பிழைத்தான். வேறு பணத்தைத் திருப்பதி உண்டியலில் சேர்த்துவிட்டு இந்தக் காசை வீட்டோடு வைத்துக் கொண்டார். அன்றிலிருந்து எந்தக் குழந்தைக்கு ஜுரம் என்றாலும் அந்த முடிச்சு தலைமாட்டுக்கு வரும். (டாக்டரிடம் போய்வந்த பிறகுதான்! இன்னொன்று, இளம் தாய்மார்களே, காசைக் கயிற்றில் கோத்துக் குழந்தையின் கழுத்திலோ கையிலோ கட்டாதீர்கள். வாயில் போட்டு விழுங்கினால் வினை.)

போன வருஷம் என் ஓரகத்தி, சங்கிலியில் கோக்க அதற்கு வளையம் வைக்கலாம் என்று ஒரு நகைக்கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் கல்மேல் சுண்டிப் போட்டு, "சத்தம் சரியில்லேம்மா, இது வெள்ளியே இல்லை" என்றாராம். அதோடு விட்டாரா? "வேணும்னா முந்நூறு ரூபாய்க்கு எடுத்துக்கறேன்" என்றாராம். வெள்ளியே இல்லாததற்கு எதற்கு முந்நூறு ரூபாய்?

மாமியார் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் அரிசி களைந்துகொண்டே, "எங்க பாட்டியை யாரோ ஏமாத்திட்டாங்க போலிருக்கு" என்றார். காசு போனால் போகிறது. பாட்டி ஏமாந்தாள் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "இருங்க அத்தை, பார்த்துடலாம்" என்றேன்.

நம் பாட்டிமார் கைமருந்துக் கணக்கில் "ஒரு ரூபாய் எடை சுக்கு" என்பார்களே, அந்த ரூபாய் இதுதான். ஒரு தோலா, 11.66 கிராம். அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, மீதி செம்பு. விக்டோரியா ராணி காலத்திலிருந்து 1939 வரை ஒரே கணக்கு. புழக்கத்தில் தேய்ந்த காசு கொஞ்சம் குறையும். அரை கிராமுக்கு மேல் குறைந்தால் சந்தேகப்படலாம். என் பையன் கல்லூரி வேலைக்காக வாங்கிய சின்ன மின்னணுத் தராசில் எங்கள் காசு 11.52 காட்டியது.

எடையை மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது. கள்ளக் காசு செய்கிறவன் எடையைச் சரிக்கட்டிவிடுவான். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. தராசின் மேல் பாதித் தண்ணீரோடு ஒரு டம்ளரை வைத்து, முள்ளைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி தொங்க விடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது, காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. எங்களுக்கு 1.12 வந்தது. காசின் எடையை இதனால் வகுத்தால் ஏறக்குறைய 10.3. அதுதான் ரூபாய் வெள்ளியின் அடர்த்தி! பித்தளை, ஜெர்மன் சில்வர் என்றால் எட்டரைப் பக்கம் நின்றுவிடும். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தரம் போடு" என்றார். மூன்று தரம் போட்டோம்.

பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீரை உபயோகியுங்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, காசுக்கு ஆகாது. எடுத்ததும் மெல்லிய பருத்தித் துணியில் ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது.

பூதக்கண்ணாடியும் உதவும். அச்சில் அடித்த காசின் எழுத்து கூர்மையாக இருக்கும். வார்த்த போலிக் காசில் எழுத்து மொழுக்கென்றும், தரையில் குட்டிக் குட்டிப் பொரிகளும், விளிம்பில் ஒட்டுக்கோடும் தெரியும். வருஷத்தையும் கவனியுங்கள். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. புலி போட்ட 1947 ரூபாயை வெள்ளி என்று பூஜையறையில் வைத்திருப்பவர்கள் ஏராளம். அது நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்! 1911-ஆம் வருஷ ரூபாய் ஒரு தமாஷ். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த யானை பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று முஸ்லிம்கள் ஆட்சேபிக்க, 1912-ல் தும்பிக்கையைத் திருத்தினார்கள். அதனால் 1911-க்குச் சேகரிப்பவர்களிடம் தனி மவுசு; 1939-க்கு இன்னும் அதிகம். மவுசு இருக்கிற வருஷத்துக்குத்தான் போலியும் அதிகம், ஜாக்கிரதை. எங்களுடையது போன்ற எட்வர்டு ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. விலை, வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் உண்டு. "பழைய காசுக்கு லட்ச ரூபாய்" என்று போனில் வருவதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். தங்கள் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

நகைக்கடையில் உரைகல்லில் உரசவோ திராவகம் விடவோ சம்மதிக்காதீர்கள். ஹால்மார்க் மையங்களில் எக்ஸ்ரே கருவியில் கீறாமலே பார்க்கலாம். அது மேல்பூச்சைத்தான் முக்கியமாகப் பார்க்கும், ஆகையால் தண்ணீர் சோதனையும் சேர்ந்தால்தான் நிச்சயம். அசல் காசுகளைக் கண்ணால் பார்த்துப் பழக எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதிக்குப் போய் வாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

பத்திரப்படுத்துவதற்கு வருவோம். மஞ்சள், குங்குமம், சந்தனம் காசின் மேல் நேராகப் படவேண்டாம். முடிச்சுக்கு வெளியே வையுங்கள். ரப்பர் பேண்ட் போடவே கூடாது, ரப்பரில் கந்தகம் உண்டு. டன்லப் டயர் செய்த ஊர்க்காரிக்கு இதுகூடத் தெரியாதா என்ன! கம்பளி, செய்தித்தாள், பாச்சை உருண்டை பக்கமும் வேண்டாம். மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். நாணயக் கடையில் விற்கும் அமிலமில்லாத காகித உறையும், டப்பாவில் ஒரு சிலிகா ஜெல் பொட்டலமும் போதும். கையில் எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள். வளையம் பற்ற வைப்பது, முலாம் பூசுவது எல்லாம் காசைக் கெடுக்கும் வேலை. ஓரகத்தி இப்போது சம்மதித்துவிட்டாள். மஞ்சள் துணியையும் தூக்கிப் போடவில்லை, அதே டப்பாவில் தனி உறையில் இருக்கிறது. கதையை மாமியார் சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பேனா மை கசியும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு வருஷம் தாண்டிய நாணயம் 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். அதை நாமாக நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. என் நாத்தனார் மகள் சிங்கப்பூரிலிருந்து, "அத்தை, குழந்தை பிறந்திருக்கு, அந்தக் காசைக் கொடுத்தனுப்புங்க" என்றாள். போட்டோ எடுத்து அனுப்பினேன். தை மாதம் குழந்தையோடு வருகிறாள். வந்து தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.