மூடுபனி விளக்கும் ஒரு சிறு பெட்டியும்

மாலை வேளையிலே நானு ஓயாவிலிருந்து நுவரெலியாவை நோக்கி ஏறும் வீதியில் மூடுபனி இறங்கிவிட்டால், கார் ஓட்டுபவருக்குத் தம் வண்டியின் மூக்குக்கு அப்பால் எதுவும் புலப்படாது. பதறிப்போய் முகவிளக்கின் உயர்ந்த ஒளியைப் போடுவோர் உளர். போட்டதும் எதிரே வெள்ளைச் சுவரொன்று எழுந்தாற்போலாகிவிடும். பனியென்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகளே. கண்மட்டத்திற் செல்லும் ஒளியை அவை கண்ணுக்கே திருப்பியனுப்புகின்றன. மூடுபனி விளக்கோ தரைக்கு அண்மையிலிருந்து, தட்டையாகவும் அகலமாகவும் வீதியைத் தழுவிச் செல்லும் ஒளியைத் தருவது. மஞ்சள் நிறத்தில் ஏதோ மாயமுண்டெனப் பலர் நம்புகின்றனர். பிரான்சிலே 1993 வரை முகவிளக்கு மஞ்சளாகவே இருத்தல் வேண்டுமென விதியும் இருந்தது. ஆயினும் பனித்துளிகள் ஒளியலையின் நீளத்திலும் மிகப் பெரியன. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே வகையாகவே சிதறடிக்கின்றன. பயன் தருவது விளக்கு இருக்கும் இடமே.

கடையில் ஒரு சோடி விளக்கை வாங்கிப் பூட்டுவது எளிது. மின்சாரம் செல்லும் வழியிலேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 55 வாற்று ஹலஜன் மின்குமிழ்கள் இரண்டென வைத்துக்கொள்வோம். 110ஐ 12 வோற்றால் வகுத்தால் 9 அம்பியருக்குச் சற்று மேல் வரும். அவசரக்காரர் அவ்வளவையும் ஓட்டுநர் முன்னுள்ள சிறு சுவிச்சினூடாகவே செலுத்திவிடுகின்றனர். அதன் தொடுகையில் ஓர் ஓமின் பத்திலொரு பங்கு தடை ஏற்பட்டாலும் போதும். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கிப் பாருங்கள், மாணவர்களே! விரல்நுனியளவான இடத்தில் 8 வாற்றுக்கு மேற்பட்ட வெப்பம். பிளாஸ்ரிக் இளகும், வயரின் உறை கருகும், பிறகு புகை.

இதற்கு மாற்று, றிலே எனப்படும் சிறு பெட்டி. அதனுள்ளே ஒரு கம்பிச்சுருள் உண்டு. சுவிச்சு அச்சுருளுக்கு மட்டும் ஏறத்தாழ 0.15 அம்பியர் கொடுக்கும். சுருள் காந்தமாகித் தடித்த தொடுகையொன்றை இழுத்து மூடும். பெரிய மின்னோட்டம் பற்றரியிலிருந்து அதன்வழி விளக்குக்குச் செல்லும். பெட்டியின் அடியில் இலக்கங்கள் பொறித்திருக்கும்: 30 பற்றரிக்கு, 87 விளக்குக்கு, 86 சுவிச்சுக்கு, 85 வண்டியின் உடலுக்கு. சுவிச்சுக்கு வரும் மின்னைப் பார்க்கிங் விளக்கின் வயரிலிருந்து எடுத்தால், அதை அணைக்கும்போது இதுவும் அணையும். விடியும்போது பற்றரி இறங்கியிராது.

15 அம்பியர் பியூஸைப் பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். பியூஸ் காப்பது விளக்கையன்று, வயரை. விளக்கருகே வைத்தால் பற்றரிமுதல் அதுவரையுள்ள வயர் காவலற்றுக் கிடக்கும். இரும்புத்தகட்டில் உராய்ந்து உறை கிழிந்த அன்று அடுப்புக்கம்பிபோலச் சிவக்கும். தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் றப்பர் வளையமும் வேண்டும். எர்த் வயரைப் பூட்டுமிடத்திற் பெயின்றைச் சுரண்டி, வெற்றிரும்பிலே இறுக்குங்கள். புது விளக்கு மங்கலாக எரிந்தால் முதலிற் பார்க்கவேண்டிய இடம் இதுவே.

வேலை தொடங்குமுன், வண்டியின் உடலோடு இணைந்த பற்றரி முனையைக் கழற்றிவிடல் வேண்டும். பழைய மொறிஸ் மைனரை இன்னும் பேணுவோர் கவனிக்க: அதில் உடலோடு இணைந்திருப்பது நேர்முனை. ஹலஜன் குமிழுக்கு இது பொருட்டல்ல, எல்.ஈ.டி. விளக்கோ முனை மாறினால் எரியாது.

பூட்டி முடிந்ததும் சமதரையில் ஒரு சுவருக்கெதிரே வண்டியை நிறுத்தி, ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்திலும் சற்றுத் தாழ்ந்து விழுமாறு திருப்பி இறுக்குங்கள். பனி விலகியதும் அணைத்துவிட வேண்டும். நனைந்த வீதியில் அவ்வொளி தெறித்து எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும்.