முதல் யார் கையில்?

குருபரப்பள்ளியில், ஓசூர் போகும் சாலையோரம் நண்பர் ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு சிஎன்சி மெஷின், இரண்டு பழைய லேத், நாலு ஆட்கள். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஜாப் ஒர்க். இன்னொரு சிஎன்சி வாங்க மூன்று வருஷமாக இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். இடம் காலியாகவே கிடக்கிறது.

போட்டால் லாபம் என்று தெரிந்தும் போதிய பணம் போடாமல் நிற்பதைப் பொருளாதாரத்தில் ‘குறை முதலீடு’ என்பார்கள். பட்டறைக்காரருக்கு அந்தச் சொல் வேண்டாம். ‘முதல் பத்தல’ என்பார். ஒருநாள் அதையே திருத்திச் சொன்னார்: “முதல் இருக்குதுண்ணா, நம்ம கையில இல்ல.”

கணக்கு இதுதான். மாதம் 4 லட்சத்துக்கு பில் போடுகிறார். பணம் வர 90 நாள். ஆக எப்போதும் 12 லட்சம் வெளியே நிற்கிறது. கூலியும் கரண்ட் பில்லும் காத்திருக்காது. ரெண்டு வட்டிக்கு வாங்குகிறார். அந்த 12 லட்சத்துக்கு மாதம் 24,000 வட்டி. வராத பணத்துக்கு ஜிஎஸ்டியையும் அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். புது மெஷினுக்குத் தவணையாகப் போயிருக்க வேண்டிய காசு இப்படிக் கரைகிறது. பெரிய கம்பெனிக்குக் கடன் கொடுப்பவர் இவர்தான், அதுவும் வட்டியில்லாமல்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. புகார் கொடுக்க 2017இல் ‘சமாதான்’ இணையதளமும் வந்தது. நண்பர் அந்தப் பக்கமே போகவில்லை. புகார் கொடுத்த மறுமாதம் ஆர்டர் நின்றுவிடும் என்ற பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு குடும்பங்கள் அந்த ஆர்டரில் சாப்பிடுகின்றன.

ஜிஎஸ்டி விதியில் ஒன்று உண்டு. வாங்கியவர் 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்த பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். சிறு பட்டறைகளின் பில்லுக்கு அந்த 180ஐ 45 ஆக்கினால் போதும்; வரவை இழக்க மனமில்லாமல் கம்பெனியே நேரத்துக்குப் பணம் தரும். பில் தேதி அரசின் கணக்கிலேயே இருக்கிறது. தன் பணத்தைக் கேட்டு நண்பர் ஏன் மனு எழுத வேண்டும்?