டெக் போட்டா, பான்டூனா? படகு வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை



அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் நம் குழுவில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏரி. குடும்பத்தோடு போய்வர ஒரு படகு வாங்கலாம் என்று இருக்கிறார். டெக் போட் நல்லதா, பான்டூன் நல்லதா என்பது கேள்வி. வந்த பதில்கள் இரண்டே வகைதான். "டெக் போட் வாங்கு, வேகமாகப் போகும்" என்றார்கள் சிலர். "பான்டூன் வாங்கு, அது கவிழவே கவிழாது" என்றார்கள் மற்றவர்கள்.

எனக்கு இரண்டு காரணமும் சரியாகப் படவில்லை. குழுவில் எழுதினால் நீளமாகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். அந்த ஊர்ப் பக்கம் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும், கோடையில் பேரன் பேத்தியைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகளுக்கும் பயன்படட்டும். மகள் வீட்டில் இரண்டு கோடைகாலம் தங்கியிருந்தபோது இரண்டு வகைப் படகிலும் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து போகிற குடும்பத்துக்கு, அதுவும் சிறிய அல்லது நடுத்தர ஏரிக்கு, பான்டூன்தான் ஏற்றது. ஆனால் அது கவிழாது என்ற நம்பிக்கையில் யாரும் வாங்க வேண்டாம்.

முதலில் இரண்டும் என்ன என்று பார்ப்போம். நம் ஊரில் கட்டுமரமும் உண்டு, வள்ளமும் உண்டு. வள்ளம் என்பது குழிந்த பாத்திரம் மாதிரி. அந்தக் குழிவுதான் அதை மிதக்க வைக்கிறது. கட்டுமரத்தில் குழிவு கிடையாது. சேர்த்துக் கட்டிய மரங்களே மிதக்கின்றன, நாம் அவற்றின் மேலே உட்காருகிறோம். டெக் போட் வள்ளத்தின் வகை. ஃபைபர் கிளாஸில் செய்த உடல், அடிப்பக்கம் ஆங்கில 'வி' எழுத்துப் போல. நிறையப் பேர் உட்காரட்டும் என்று முன்பக்கத்தை மட்டும் அகலமாக்கியிருப்பார்கள். பான்டூனைக் கட்டுமரத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். காற்றடைத்த இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் தட்டையான ஒரு தளம், சுற்றிலும் இடுப்பளவு வேலி, உள்ளே சோபா மாதிரி இருக்கைகள்.

இந்தப் பான்டூன் பிறந்ததே மினசோட்டாவில்தான். 1950களின் தொடக்கத்தில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி இரும்புப் பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து, இரண்டு வரிசைகளின் மேல் மரப்பலகைத் தளம் போட்டு ஏரியில் விட்டார். பிறகு அதையே தொழிலாக நடத்தினார். அந்த மாநிலத்தில் 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளே 11,842 இருக்கின்றன. அலை அதிகம் இல்லாத ஏரியில் குடும்பத்தோடு மெதுவாகச் சுற்றிவர என்று உண்டானது அது. இதை மறக்காமல் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பான்டூனை நான் சிபாரிசு செய்ய முதல் காரணம், ஏறுவதும் இறங்குவதும். படகுத்துறைப் பலகையும் பான்டூனின் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். சின்னக் கதவைத் திறந்து, வீட்டு வாசற்படி தாண்டுகிற மாதிரி உள்ளே போகலாம். டெக் போட்டில் பெரும்பாலும் காலைத் தூக்கி வைத்து உள்ளே இறங்க வேண்டும். அந்த நேரத்தில் படகும் கொஞ்சம் ஆடும். முப்பது வயதுப் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. முழங்கால் வலியோடு, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிற அம்மாவுக்கு அதுதான் அன்றைய பெரிய சோதனை. ஒருமுறை பயந்துவிட்டால் அடுத்த வாரம், "நீங்கள் போய்வாருங்கள், நான் வீட்டிலேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது காரணம், உள்ளே ஒருவர் எழுந்து நடந்தால் பான்டூன் அவ்வளவாகச் சாயாது. இரண்டு குழாய்களும் விலகி இருப்பதால் அடித்தளம் அகலமாக அமைகிறது. பாலர் வகுப்புப் பிள்ளைகள் ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டெக் போட்டுக்கும் அதற்குரிய நியாயம் உண்டு. 'வி' வடிவ அடிப்பாகம் அலையை வெட்டிக்கொண்டு போகும். திருப்பத்தில் உள்பக்கம் சாய்ந்து அழகாகத் திரும்பும். பின்னால் கயிறு கட்டிச் சறுக்கு விளையாட்டு விளையாடுகிற வயதில் பிள்ளைகள் இருந்தால் அதுதான் சரி. காற்றும் அதை அவ்வளவாகத் தள்ளாது. பான்டூனுக்கு வேலியும் கூரையும் உயரமாக இருப்பதால், காற்றடிக்கும் நாளில் துறையில் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் புதியவர்களுக்கு வியர்த்துவிடும். மூன்று குழாய் வைத்த பான்டூனும் வருகிறது. அலையையும் வேகத்தையும் அது நன்றாகவே தாங்கும், விலைதான் கூடும்.

ஆகவே ஏரியையும் பார்க்க வேண்டும். அதே மினசோட்டாவில் மில் லாக்ஸ் என்ற ஏரி 1,30,000 ஏக்கருக்கு மேல். பரப்புப் பெரிது, ஆழம் குறைவு. காற்று எழுந்தால் செங்குத்தான அலை அடுத்தடுத்து வரும். அங்கே இரண்டு குழாய்ப் பான்டூனில் பச்சைக் குழந்தையோடு நடு ஏரிக்குப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெருமுனை ஏரிக்கு என்று வாங்கிய படகை, விடுமுறை வந்ததும் வண்டியில் கட்டிப் பெரிய ஏரிக்கு இழுத்துப்போகும் ஆசை எல்லோருக்கும் வரும்.

இப்போது அந்தக் "கவிழாது" என்ற பேச்சுக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதியதே இதற்காகத்தான்.

2004 மார்ச் 6ஆம் தேதி, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் 'லேடி டி' என்ற பயணிகள் படகு திடீர்ப் புயல்காற்றில் கவிழ்ந்தது. அது பான்டூன் படகு. ஏறியிருந்தவர்கள் 25 பேர். இறந்தவர்கள் 5 பேர். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் யாரையும் ஏற்றவில்லை. பிறகு நடந்த விசாரணையில், அந்த எண்ணிக்கையே அந்தப் படகுக்கு அதிகம் என்று தெரியவந்தது. ஓர் ஆளின் சராசரி எடை 140 பவுண்டு, அதாவது 63 கிலோ சொச்சம், என்று எப்போதோ போட்ட பழைய கணக்கில் அனுமதி கொடுத்திருந்தார்கள். உண்மையில் ஏறியவர்களின் சராசரி 168 பவுண்டு. அதன் பிறகு அந்நாட்டுக் கடலோரக் காவல்படை பயணிகள் படகுகளுக்கு அந்தக் கணக்கை 185 பவுண்டாக உயர்த்தியது. அது 2011இல்தான் நடைமுறைக்கு வந்தது.

வகுப்பில் சராசரி என்ற பாடம் நடத்தும்போது, "சார், இது எதுக்கு சார்?" என்று கேட்டவர்கள் இதைக் கவனிக்கவும்.

படகு ஓட்டுபவர் பக்கத்தில் ஒரு சிறு தகடு ஒட்டியிருக்கும். எத்தனை ஆள், மொத்தம் எத்தனை பவுண்டு என்று அதில் இருக்கும். 20 அடிக்குக் குறைந்த, ஒரே உடல் கொண்ட மோட்டார் படகுகளுக்கு அமெரிக்க மத்திய விதிப்படி அது கட்டாயம். இரட்டைக் குழாய்ப் பான்டூனுக்கு அந்த விதி கட்டாயமாக்கவில்லை. நல்ல தயாரிப்பாளர்கள் தாங்களாகவே ஒட்டுகிறார்கள். ஆகவே பழைய பான்டூன் வாங்குகிறவர்கள் முதலில் அந்தத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஆள் கணக்கோடு நிறுத்தாமல் எடைக் கணக்கையும் படியுங்கள். 'ஆள் 10, எடை 1,400 பவுண்டு' என்று இருந்தால் ஆளுக்கு 140தான் வருகிறது. நம் வீட்டு மாமா, சித்தப்பாக்களை அதில் அடக்க முடியுமா? அதோடு நாம் வெறுங்கையோடா போகிறோம்? புளியோதரை டப்பா, ஐஸ் பெட்டி, தண்ணீர்க் கேன், நாலு மடக்கு நாற்காலி எல்லாம் கூடவே வருமே!

பான்டூனில் இடம் தாராளமாக இருப்பதுதான் அதன் ஆபத்தும். "இன்னும் ரெண்டு பேர் உட்காரலாம், வாங்க" என்று கூப்பிடத் தோன்றும். இடம் இருக்கிறது என்பதால் படகு தாங்கும் என்று ஆகாது. எல்லோரும் படம் எடுக்க முன்பக்கம் கூடினாலும் ஆபத்துதான். முன்தளம் தாழ்ந்து, எதிரே வருகிற அலை உள்ளே ஏறிவிடும். தேக்கடியை நாம் மறந்திருக்க மாட்டோம். 2009 செப்டம்பர் 30 அன்று 45 உயிர் போனது. விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. படகு வேறு, நாடு வேறு. ஆனால் எடை ஒரு பக்கம் போனால் என்ன ஆகும் என்பது எங்கும் ஒன்றுதான்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். ஓடும் படகில் 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் போட்டே ஆக வேண்டும் என்பது அமெரிக்க மத்திய விதி. மாநிலம் தனியாக வைத்திருக்கும் விதியும் உண்டு. மினசோட்டாவில் அது 10 வயதுக்குக் கீழ். பெரியவர்களுக்குப் படகில் ஆளுக்கு ஒன்று இருந்தால் போதும், போட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அங்கே படகு விபத்தில் மூழ்கி இறந்தவர்களில், விவரம் தெரிந்தவரை, பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள். நம் தலைமுறையில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? அதிலும் பெண்களில்? ஏப்ரல் வரை பனிக்கட்டியாக இருந்த ஏரி, மே மாதத்திலும் விறைக்கும் குளிர்ச்சியோடுதான் இருக்கும். அதில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவருக்கே மூச்சு திணறும். புடவை மேலேயே போட்டுக்கொள்ளலாம், கௌரவம் ஒன்றும் குறையாது. பாட்டி போட்டுக்கொண்டால் பேரனும் சொல்லாமலே போட்டுக்கொள்வான்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். பான்டூன் ஓடும்போது முன் வேலிக்கு வெளியே காலைத் தொங்கவிட்டு யாரும் உட்காரக் கூடாது. விழுந்தால் இரண்டு குழாய்களுக்கு நடுவே போய், பின்னால் சுழலும் இயந்திரத்தில் மாட்டுவார்கள். ஓட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை உடம்போடு மாட்டிக்கொள்ள வேண்டும். 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் அது அங்கே சட்டமும்கூட. ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது என்பதை நான் தனியாக எழுத வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

கடைசியாக, கேள்வி கேட்ட தம்பிக்கு: இந்தக் கோடையில் எதையும் வாங்காதே. ஒரு நாள் டெக் போட், ஒரு நாள் பான்டூன் வாடகைக்கு எடு. நண்பர்களோடு போகாமல் அப்பா, அம்மா, குழந்தைகளோடு போ. யார் எங்கே தடுமாறுகிறார்கள், எதைப் பிடித்துக்கொள்கிறார்கள், எந்த இடத்தில் பயப்படுகிறார்கள் என்று பார். உன் ஊரில் ஏரி வருஷத்தில் ஐந்து மாதம் உறைந்தே கிடக்கும். அப்போதும் படகை நிறுத்தி வைக்கும் செலவும் காப்பீடும் கையைக் கடிக்கும். வீட்டில் யார் மிகவும் பலவீனமோ அவர் துணிந்து ஏறுகிற படகை வாங்கு. படகுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஒவ்வொருவர் அளவுக்கும் லைஃப் ஜாக்கெட் வாங்கிவிடு.

அந்தப் பக்கம் படகு வைத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். உங்கள் படகுத் தகட்டில் என்ன எடை போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

எல்லோரும் நலமாக இருங்கள்.