சைக்கிளைப் பிடித்த கை

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புத்தக வெளியீடு. கூட்டம் முடிந்து வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஓர் இளம் கவிஞர் வந்து, "அண்ணே, நீங்க நல்லா படம் எடுப்பீங்கன்னு சொல்றாங்க. ஏன் ரிசார்ட்டு, ஹோட்டல்னு வீணாக்குறீங்க? நம்ம ஆளுங்க வாழ்க்கைய எடுக்கலாம்ல?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து கிள்ளான் வந்து சேரும் வரைக்கும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோதுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் கொஞ்சம் லேட்டாகத்தான் வரும்.

'நம்ம ஆளுங்க வாழ்க்கை' என்று அவர் எதைச் சொல்கிறார் என்று தெரியும். கறுப்பு வெள்ளை. சுருக்கம் விழுந்த முகம். பூக்கடைக் கிழவி, அலகு குத்திய கன்னம், இடிந்த லயத்து வாசலில் குத்துக்காலிட்ட தாத்தா. இதை எடுத்தால் கலை. நான் எடுப்பது காசு. இந்தப் பிரிவினை நம் இலக்கிய வட்டத்தில் யாரும் கேள்வி கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இது சுத்தப் பொய் என்பது என் கட்சி. அதைச் சொல்வதற்கு முன்னால் என் பக்கத்து அழுக்கைக் காட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் வியாபாரி தன் சரக்குக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பீர்கள்.

என் தொழில் பெரும்பாலும் அப்புறப்படுத்துவது. அறைக்குள் போனதும் முதலில் குப்பைத்தொட்டியை எடுப்போம். பிறகு தொலைபேசி வயர், ரிமோட், தீயணைப்பு விதிகளை ஒட்டிய அட்டை. படுக்கை விரிப்பை மெத்தை மேல் போட்டபடியே இஸ்திரி போடுவோம். சுவர்கள் செங்குத்தாக நிற்க டில்ட்-ஷிப்ட் லென்ஸ். ஏர்கான் அறையிலிருந்து கேமராவோடு வெளியே வந்தால் நம்மூர் ஈரக் காற்றில் லென்ஸ் முழுக்கப் பனி மூடிக்கொள்ளும், கால் மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். ஏழரை மணிக்கு மேல் வானம் நீலமாகி, அறை விளக்கின் மஞ்சளும் வெளி நீலமும் சமமாக வரும் நேரம் ஒன்று உண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், அது இருபது நிமிடம் தாங்கினால் அதிகம். அந்த இருபது நிமிடத்துக்காக நாள் முழுக்கக் காத்திருப்போம். அப்போது சட்டகத்துக்குள் தோட்டக்காரரோ, துப்புரவு அக்காவோ வந்துவிட்டால் கத்துவோம். நானும் கத்தியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், பழைய தோட்டத்து பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். பேர் வேண்டாம். ஒரு காலத்தில் துரை இருந்த வீடு. வெள்ளைத் தூண்கள், அகல வராந்தா, பிரம்பு நாற்காலி. விளம்பர ஏஜென்சியின் ஸ்டைலிஸ்ட் பழம்பொருள் கடையிலிருந்து ஒரு கறுப்பு சைக்கிள் வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார். வராந்தாத் தூணில் சாய்த்து வைக்க வேண்டும். 'அந்தக் காலம்' வேண்டுமாம். சைக்கிளுக்கு ஸ்டாண்டு இல்லை. காற்றடித்தால் விழுகிறது. நீல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே வேலை செய்த தோட்டக்கார அண்ணன், அறுபது வயது இருக்கும், "தம்பி, நான் பின்னால குந்திக்கிட்டுப் புடிச்சுக்கவா?" என்றார். தூணுக்குப் பின்னால் குந்தினார். சீட்டுக்குக் கீழே அவருடைய நான்கு விரல் மட்டும் தெரிந்தது. "பரவால்ல ணே, அத அப்புறம் அழிச்சிடலாம்" என்றேன். எட்டு நிமிடம் குந்தியிருந்தார். எழுந்தபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்கப்பா இந்த பங்களா வழியா போறப்ப சைக்கிள விட்டு எறங்கி தள்ளிக்கிட்டுத்தான் போவாரு" என்றார்.

அன்றிரவு போட்டோஷாப்பில் அந்த விரல்களை அழித்தேன். ஐந்து நிமிட வேலை.

அவர் சொன்னதை நான் வெறும் குடும்பக் கதையாக எடுத்துக்கொண்டேன். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன், ஆனாலும் 1941-ஐப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த வருடம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் துரையும் கிராணியும் கை வைக்காமல் இருப்பது என்று கோரிக்கைகள் நீளமானவை. அவற்றில் ஒன்று, துரையும் கிராணியும் எதிரே இருக்கும்போதும் சைக்கிளில் ஏறிப் போக அனுமதி. கூலி உயர்வோடு சேர்த்து இதையும் எழுதினார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

ஆக, அந்த வராந்தாவில் நாங்கள் சாய்த்து வைத்த அழகான கறுப்பு சைக்கிள் எது என்று யோசித்துப் பாருங்கள். 'அந்தக் காலத்தில்' அந்த இடத்தில் சைக்கிளை அப்படிச் சாய்த்து வைக்க யாருக்கு உரிமை இருந்தது? எங்கள் படம் பொய் சொன்னது. அந்தப் பொய்யைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு தோட்டத்துக்காரரின் கை. அழித்தது என் கை. இந்தக் குற்றத்துக்கு நான் கூலியும் வாங்கினேன்.

சரி, என் கணக்கு முடிந்தது. இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம்.

கலைப்படம் எடுப்பவர் ஆளை அழிப்பதில்லை, ஆளைத்தானே காட்டுகிறார் என்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் என்ற ஜெர்மானியரின் ஸ்டூடியோ இருந்தது. மலாயாவின் கட்டடங்களையும் காட்சிகளையும் எடுத்து ஆல்பமாக விற்றது. கூடவே 'மனித வகைகள்' என்று ஒரு பிரிவு. மலாய்க்காரர், சீனர், தமிழர். அந்தக் காலத்துப் போஸ்ட்கார்டுகளில் தமிழனுக்குப் பெயர் இருக்காது, 'கிளிங்' என்று மட்டும் இருக்கும். முகம் தெளிவு, தசை தெளிவு, முண்டாசின் மடிப்புகூடத் தெளிவு. ஆள் யார் என்பது மட்டும் கிடையாது. ஆளைக் காட்டியே ஆளை அழிக்கும் இந்த வித்தை அவர்களுடையது. இன்று பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலை கழுத்தில் கேமராவோடு இறங்கும் நம் தம்பி தங்கைகள் எடுப்பதும் அதே 'மனித வகை'தான். தலைப்பு மட்டும் மாறியிருக்கிறது. 'கிளிங்' போய் 'உழைப்பின் ரேகைகள்' வந்துவிட்டது.

அந்தப் பேட்டையின் நிலைமையும் இதைத் தூண்டிவிடுகிறது. ரயில்வேக்கு உழைத்த தமிழர்கள் குடியிருந்த இடம். ரயில் யார்டு இருந்த நிலத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் திறந்தார்கள். 2010 அக்டோபரில் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் வந்து 'லிட்டில் இந்தியா' என்று திறந்து வைத்தார்கள். வளைவுகள், யானை நீரூற்று, ஊதா நிற விளக்குக் கம்பங்கள். ஒரு குடியிருப்பைப் படப்பிடிப்புத் தளமாக மாற்றிய பிறகு அங்கே பூக்கட்டுகிற அக்கா வியாபாரியா, துணை நடிகையா? ஒரு நாளில் எத்தனை பேர் தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று அவரே கணக்கு வைத்திருப்பதில்லை. பூ வாங்குகிறவர்களின் கணக்கு வைத்திருக்கிறார். என்னிடம் ஒருமுறை சொன்னார்: "போட்டோ புடிக்கிறவன் பூ வாங்க மாட்டான் தம்பி, பூ வாங்குறவன் போட்டோ புடிக்க மாட்டான்."

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு, நடைபாதையின் மஞ்சள் மேட்டுக்கற்களைத் தட்டிக்கொண்டு நடப்பவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். அவர்களை எதிரில் நின்று, அரை மீட்டர் தூரத்தில், அகல லென்ஸில் எடுத்த படங்களை நான் பார்த்திருக்கிறேன். பரிசு வாங்கிய படமும் அதில் உண்டு. எதிரில் கேமரா இருப்பது தெரியாத ஒருவரை எடுத்துவிட்டு அதற்கு 'நம்பிக்கை' என்று தலைப்பு வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். எந்த ஹோட்டல் மேனேஜரும் என்னிடம் இந்த அளவுக்குக் கேட்டதில்லை. விளம்பரப் படத்தில் மாடலாக நிற்கும் பெண் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறாள், சம்பளம் வாங்குகிறாள், எத்தனை வருடம் எந்த நாட்டில் படம் ஓடும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். பூக்கடை அக்காவிடம் அந்தக் காகிதம் யார் நீட்டினார்கள்?

நான் விளம்பரத்தை நியாயப்படுத்தவில்லை. அதன் பொய்க்கும் ஒரு பரம்பரை இருக்கிறது. 1960-இல் ஜூலியஸ் ஷுல்மன் லாஸ் ஏஞ்சலஸில் எடுத்த கண்ணாடி வீட்டுப் படத்தை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். மலையுச்சி, கீழே நகரத்து விளக்குகள், உள்ளே வெள்ளை உடையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த வீடு அப்போது முழுதாகக் கட்டி முடிக்கப்படவில்லை. நாற்காலிகள் படத்துக்காகக் கொண்டுவந்தவை. பெண்கள் கட்டடக்கலை மாணவர்களோடு வந்த தோழிகள், அங்கே குடியிருந்தவர்கள் அல்ல. என் தொழிலில் எல்லாரும் இன்றுவரை அந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறோம். பத்துமலையின் 272 படிகளுக்கு 2018-இல் வண்ணம் அடித்த பிறகு, விடியற்காலையில் நீளப் பாவாடையோடு முதுகைக் காட்டி நிற்கும் பெண்ணை எத்தனை முறை பார்த்துவிட்டோம்? மரபுடைமைத் துறையின் அனுமதி வாங்கவில்லை என்று அப்போது பெரிய சர்ச்சை. கேமராவுக்கு அதெல்லாம் தெரியாது. வண்ணம் தெரியும்.

புத்ராஜெயாவையும் எடுத்திருக்கிறேன். ஏரியில் விழுந்த ரோஜா நிற மசூதியின் நிழல், பாலங்கள், அகன்ற சாலை. ஆள் இல்லாத கட்டடம் எங்களுக்குக் கொண்டாட்டம், அங்கே வார இறுதியில் ஆளைத் தேட வேண்டும். முன்பு அது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப்போரில் சண்டை போட்டு வந்த ஆங்கிலேயர்கள் தொடங்கியது, மலாயில் பெயரே 'பெரிய போர்'. தலைநகர் வந்தபோது அங்கேயும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த தமிழ்க் குடும்பங்களை டிங்கில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். சுவர்கள் விரிசல் விட்டன, தரைவீடு வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடினார்கள். கட்டடப் புகைப்படக்காரன் என்று சொல்லிக்கொள்ளும் நான் புத்ராஜெயாவுக்கு ஏழெட்டு முறை போயிருக்கிறேன், டிங்கிலுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. விரிசலும் கட்டடக்கலைதான். யாரும் அதற்குக் காசு தரமாட்டார்கள், அவ்வளவுதான். இந்த இடத்தில் கவிஞர் தம்பி என்னைக் குத்தியது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே போய் விரிசலுக்கு முன்னால் ஒரு பாட்டியை உட்கார வைத்துக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சரியாகிவிடும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பாட்டியின் பெயர், எந்தத் தோட்டம், எத்தனை வருடம் பால் வெட்டினார், யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று படத்தோடு எழுதாவிட்டால் அதுவும் ரிசார்ட் படம்தான். வறுமை ரிசார்ட்.

என் பாட்டிக்கு இருந்த ஒரே படம் சிவப்பு அடையாளக் கார்டில் இருந்தது. கடைசிவரை நீலக் கார்டு கிடைக்கவில்லை. கட்டைவிரல் அளவுப் படம், முகத்தில் கோபம். அரசாங்கம் எடுத்த அந்தப் படத்தில்கூடப் பாட்டியின் முழுப்பெயர் இருந்தது.

இன்னொன்று, உரிமை பற்றி. நம் நாட்டு 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டுச் செய்து வாங்கிய படைப்பின் உரிமை செய்யச் சொன்னவருக்குப் போய்விடும். கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்னுடையது இல்லை. பாதிப் படப்பிடிப்புக்காரர்களுக்கு இது தெரியாது, தெரிந்த பிறகும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கக் கூச்சப்படுகிறோம். எழுத்தாளர்களுக்கு உரிமைத்தொகை தராத பதிப்பாளரைப் பற்றி இந்த மாதிரி இதழ்களில் எவ்வளவு எழுதுகிறோம்! நம் நாவல்களின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கூகிளில் எடுத்த படம், எடுத்தவர் பெயர் இருக்காது. படத்தில் இருக்கும் தோட்டத்துக் கிழவியின் பெயர் அதைவிடக் கிடையாது. அவர் மலேசியாவா, தேயிலைத் தோட்டத்து இலங்கையா என்றுகூடப் பார்ப்பதில்லை. உள்ளே முந்நூறு பக்கம் சுரண்டலைப் பற்றி.

அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. படப்பிடிப்பு முடிந்ததும் அங்கே வேலை செய்பவர்களை, விருப்பம் உள்ளவர்களை மட்டும், அதே லைட்டில் அதே நாற்காலியில் உட்கார வைத்து எடுத்து, அச்சுப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். பெயர் எழுதி. சிலர் வேண்டாம் என்பார்கள், அதுவும் சரிதான். தோட்டக்கார அண்ணனுக்கு எடுத்துக்கொண்டு போனபோது அவர் அங்கே இல்லை, காண்டிராக்ட் முடிந்துவிட்டது என்றார்கள். எந்த ஊர் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவரிடம் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை, 'அண்ணே' என்பதோடு சரி. அந்தப் படத்தின் மூலக் கோப்பு என்னிடம் இருக்கிறது. மேல் அடுக்கை அணைத்தால் நான்கு விரலும் அப்படியே தெரியும்.

போன வாரம் அந்த இளம் கவிஞர் வாட்ஸ்அப்பில் கேட்டார். கவிதைத் தொகுப்பு வருகிறதாம், அட்டைக்கு 'தோட்டத்து ஃபீல்' இருக்கிற படம் ஒன்று வேண்டும், பதிப்பகத்தில் பட்ஜெட் இல்லை. விரல்கள் உள்ள படத்தை அனுப்பினேன். காசு வேண்டாம், உள்பக்கத்தில் 'சைக்கிளைப் பிடித்திருப்பவரின் பெயர் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும்' என்று ஒரு வரி போடணும் என்றேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.