காட்டை விற்றால்தான் காப்பாற்றலாமா?

வடமதுரைப் பக்கம் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் நோயாளியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாசலுக்கு வந்து மகனிடம் கேட்பது ஒன்றுதான்: "எந்த ஆஸ்பத்திரிப்பா, எம்புட்டு ஆச்சு?" எட்டு லட்சம் என்றால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையை வைத்துப் பார்க்கிறோம் என்றால் முகம் சுருங்கும். "ஏன் மாப்ளே, பெத்த தாயை விடக் காடு பெருசாப் போச்சா?" என்று ஒரு மாமா கேட்பார். கேட்கிற மாமா பத்து ரூபாய் எடுத்து நீட்டமாட்டார் என்பது வேறு விஷயம்.

பணத்தைக் கொட்டினால்தான் புற்றுநோய் குணமாகும், கொட்டிய பணத்தின் அளவுதான் பாசத்தின் அளவு என்பது இந்த வட்டாரத்தில் யாரும் எதிர்த்துப் பேசாத நம்பிக்கை. மில் வேனில் போகிற பெண்ணும் இதைச் சொல்கிறாள், பள்ளிக்கூட வாத்தியாரும் சொல்கிறார். அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் ஆடு பிடிக்கிறவன் கூட விலை அதிகம் என்பதற்காக ஓர் ஆட்டை நல்ல ஆடு என்று நினைப்பதில்லை. பல்லைப் பார்க்கிறான், முதுகைத் தடவுகிறான். அதே ஆள் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் "எம்புட்டு ஆனாலும் பரவாயில்லை டாக்டர்" என்கிறான். இந்த நம்பிக்கை தவறு என்பதோடு நான் நிற்கமாட்டேன். இது ஆளைக் கொல்கிற நம்பிக்கை.

விலைக்கும் மருந்தின் வேலைக்கும் என்ன உறவு என்பது நம் நாட்டு நீதிமன்றங்கள் வரை போன மருந்து வழக்குகளிலேயே தெரியும். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்குத் தருகிற இமாடினிப் மாத்திரையை நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற பெயரில் விற்றது. மாதச் செலவு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மாத்திரைக்கு மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்தான். நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006-இல் முதலில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். சட்டப் பிரிவையே எதிர்த்து அந்த நிறுவனம் போட்ட வழக்கு 2007-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு பேயர் நிறுவனத்தின் நெக்ஸவார் மருந்துக்கு இதே கதை: அவர்கள் விலை மாதம் 2,80,000 ரூபாய், கட்டாய உரிமம் வாங்கிய ஹைதராபாத் நாட்கோ நிறுவனத்தின் விலை 8,800. உள்ளே இருக்கிற மருந்துப் பொருள் ஒன்றேதான். 2019 பிப்ரவரியில் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாபம் முப்பது விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியபோது, சில மருந்துகளின் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. மருந்தின் வீரியமும் அன்று ராத்திரியே பாதியாகிவிட்டதா என்ன?

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை இதையே வேறு பக்கமிருந்து காட்டியது. குணப்படுத்த முடியாத கட்டத்துக்கு வந்துவிட்ட வாய், தொண்டைப் புற்று நோயாளிகளுக்கு, விழுங்குகிற சாதாரண மாத்திரைகளோடு நிவோலுமாப் ஊசியை மிகக் குறைந்த அளவில், 20 மில்லிகிராம் மட்டும், சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமாகப் போடுகிற அளவில் இது பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர். ஊசியும் சேர்ந்தவர்களில் நாற்பத்து மூன்று பேர். முழு அளவு ஊசியோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு அல்ல இது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் முழு அளவுக்குப் பணமில்லை என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிரிக்கும் பேச்சு அதோடு பொய்யாகிவிட்டது.

பணமும் அதிகாரமும் எதுவரை போகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்கு வெளியே உதாரணம் தேட வேண்டாம். முதலமைச்சராக இருந்த அண்ணாவுக்கு 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடந்தது. அன்றைக்கு உலகத்தில் கிடைத்த மேலான வைத்தியம் அது. 1969 பிப்ரவரி 3 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அவர் இறந்தார். பணத்தால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. எந்தக் கட்டத்தில் நோய் பிடிபட்டது என்பதுதான் பெரிய கேள்வி. முதல் கட்டத்தில் பிடிபட்ட மார்பகக் கட்டியை அரசு ஆஸ்பத்திரியில் எடுத்துவிடலாம். நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவிய பிறகு எந்தக் கண்ணாடி மாளிகையில் சேர்த்தாலும் அந்த நோயைத் துடைத்தெடுப்பது அரிது.

நடப்பது என்ன? ஊர்க்காரர்கள் முதலில் தனியாரிடம் போகிறார்கள். சதை டெஸ்ட், ஸ்கேன், அறுவை என்று கையிருப்பு போகிறது. பிறகு நகை அடகு, மகளிர் குழுக் கடன், மீட்டர் வட்டி. கீமோ பாதி ஓடும்போது பணம் தீர்கிறது. அப்புறம்தான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரி. இடையில் போன வாரங்களை எந்த மருத்துவரும் திருப்பித் தர முடியாது. முதல் நாளே அட்டையோடு போயிருந்தால் காடும் மிஞ்சியிருக்கும், காலமும் மிஞ்சியிருக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை கிடைக்கும். வி.ஏ.ஓ. தருகிற வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கொண்டுபோனால் கலெக்டர் ஆபீஸில் பதிந்துகொள்ளலாம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இந்த அட்டை செல்லும். "அட்டைன்னா மட்டமான மருந்து கொடுப்பாங்க" என்று டீக்கடையில் பேசுகிறவர் எந்த மருந்தை எதோடு ஒப்பிட்டார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் உண்டு, வரிசை உண்டு, ஸ்கேனுக்குக் காத்திருப்பு உண்டு, எரிந்து விழுகிற ஆட்களும் உண்டு. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. அதைச் சரிசெய்யச் சொல்லிச் சண்டை போடலாம், போடத்தான் வேண்டும். அதற்குப் பதில் காட்டை விற்பது எனக்கு விளங்காத நியாயம்.

காடு உண்மையில் விற்கப்படுவது எப்போது என்பதையும் கவனியுங்கள். நோய் தெரிந்த முதல் மாதத்தில் அல்ல, கடைசி மாதங்களில். இனிக் குணமாகாது என்று மருத்துவர் ஜாடையாகச் சொன்ன பிறகு, "கடைசியா ஒரு முயற்சி" என்று வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, ஐ.சி.யூ., வென்டிலேட்டர். அந்த மனுஷிக்கு அப்போது தேவைப்படுவது வலி தணிய மார்ஃபின் மாத்திரையும் சொந்த வீட்டுக் கட்டிலும். அந்த மாத்திரை விலை உயர்ந்ததல்ல. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து செய்கிற வலி தணிப்புப் பராமரிப்பும் சேர்ந்திருக்கிறது. அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கேட்டால் அம்மாவைக் கைவிட்ட மகன் என்ற பெயர் வந்துவிடும். ஊர்வாய்க்குப் பயந்து கட்டப்படுகிற பில் அது.

காடு இருக்கிறவன் கதை இது. காடே இல்லாதவர்களை இந்த நம்பிக்கை வேறு விதமாகக் கொல்கிறது, அதுதான் எனக்குக் கூடுதல் கோபம். "கேன்சர்னா லட்சக்கணக்குல ஆகும், நம்மகிட்ட எங்க இருக்கு?" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அதிலும் பெண்கள். மாதவிலக்கு நின்று பல வருஷம் ஆன பிறகு உதிரம் படுகிறது. மகளிடம் கூடச் சொல்வதில்லை. மார்பில் கட்டி தட்டுப்படுகிறது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை போய்விடுமே என்று ரவிக்கைக்குள் மறைத்துக்கொள்கிறாள். புருஷனுக்கு வந்தால் காட்டை விற்கச் சொல்கிற ஊர், பொண்டாட்டிக்கு வந்தால் "பாப்போம், நாட்டு மருந்து கொடுத்துப் பாப்போம்" என்கிறது. பாசத்தின் அளவுகோல் என்று தூக்கிப் பிடிக்கிற அந்தப் பணம், ஆளைப் பார்த்துத்தான் இறங்குகிறது.

இத்தனைக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் பணம் வேண்டியதில்லை, ஒரு செவிலியும் கொஞ்சம் வினிகரும் போதும் என்று உலகத்துக்குக் காட்டிய மாவட்டம் எது தெரியுமா? நம் வடமதுரை இருக்கிற திண்டுக்கல். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவ மையமும், பிரான்சின் லியோன் நகரத்து சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2000-இல் இங்கே ஓர் ஆய்வைத் தொடங்கின. மாவட்டத்தில் 114 பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் பாதியில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர், தடவிக் கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்த்தார்கள். வெண்மையாகப் படை தெரிந்தால் புற்றாக மாறும் முன்பே அந்த இடத்தைக் குளிரவைத்து அழித்தார்கள். 2003-க்குள் 31,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, ஆளுக்கு ஒரே ஒரு முறை. முடிவு 2007-இல் லான்செட் இதழில் வந்தது: சோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் வந்த சாவு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க என்று மறுபாதிப் பகுதிப் பெண்களைச் சோதிக்காமல் விட்டது சரியா என்று பின்னாளில் கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான், அந்தப் பெண்களும் நம் மாவட்டத்துக்காரர்களே. ஆனால் விடை கிடைத்த பிறகும் சும்மா இருக்கிற நாம் அதைக் கேட்கும் தகுதியோடு இருக்கிறோமா?

இந்தச் சோதனை பின்பு பக்கத்துத் தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு முன்னோட்டமாக நடந்து, 2012-இலிருந்து மாநிலம் முழுக்க அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தது. காசு கிடையாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் இதைச் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருத்தி கூட இல்லை. அந்த லட்சணத்திலும் நாம் இந்தியாவில் முன்வரிசை! கொட்டுவதற்குப் பணம் தேடுகிற சமூகம், இலவசமாகக் கிடைக்கிற ஐந்து நிமிடத்தை வாங்கிக்கொள்ள மறுக்கிறது.

இலவசம் என்று நான் சொல்வதில் ஓட்டை இருக்கிறது, அதை அரசு அடைக்கவில்லை. கரண்ட் வைப்பது என்று நம் ஆட்கள் சொல்கிற கதிர் சிகிச்சை வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம் நடக்கும். மதுரைப் பெரியாஸ்பத்திரியின் புற்றுநோய் மையம் பாலரெங்கபுரத்தில். வடமதுரையிலிருந்து திண்டுக்கல், அங்கே வண்டி மாறி ஆரப்பாளையம், அங்கிருந்து பாலரெங்கபுரம். ஒரு வழிக்கு எண்பது கிலோமீட்டர் அளவு. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை; மதுரைக்குப் போகிற பஸ்ஸில் உண்டு. கூட வருகிறவருக்கு டிக்கெட், இரண்டு பேருக்குச் சாப்பாடு, இரண்டு பேருக்கும் கூலி நட்டம். மில்லில் இத்தனை நாள் லீவு எடுத்தால் வேலை இருக்குமா என்பது அடுத்த கவலை. பாதியில் நின்றுபோகிறவர்கள் மருந்து விலையால் நிற்பதில்லை, இந்தச் சில்லறைச் செலவால் நிற்கிறார்கள். 2017-18 தேசிய மாதிரி ஆய்வில் புற்றுநோய்க்காக ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியில் தங்கினால் சராசரி மருத்துவச் செலவே 22,000 ரூபாய்க்கு மேல். தனியாரில் 93,000 அளவு. காப்பீடு வந்த பிறகும் முழுச் சுமை இறங்கவில்லை என்பது இதில் தெரிகிறது.

ஆகவே நம் கோபம் திரும்ப வேண்டிய பக்கம் எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சென்னை அடையாறுக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனை தருகிற படிவத்தை நீட்டினால் போதும். ரயில்வே செய்ததை நம் பஸ்ஸுக்கும் ஏன் செய்யக்கூடாது? காசநோயாளிக்குச் சத்துணவுக்கென்று மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறுகிறது. கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் தரும் தமிழ்நாட்டுத் திட்டத்துக்கு முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 1954-இல் அடையாறு மருத்துவமனையைத் தொடங்கிய அதே முத்துலட்சுமி. அவர் பெயரிலேயே கரண்ட் வைக்கிற நாட்களுக்கு ஒரு படித்தொகையையும் அறிவிப்பது அரசுக்கு ஆகாத காரியமா?

வடமதுரையைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஆகஸ்ட் 15-க்கும் அக்டோபர் 2-க்கும் கிராம சபை கூடும். இந்த முறை இரண்டு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். ஒன்று, கதிர் சிகிச்சைக்குப் போகிறவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் பஸ் கட்டணமும் தினப்படியும் வேண்டும். இரண்டு, முப்பது வயது தாண்டிய பெண்கள் எல்லாருக்கும் வினிகர் சோதனை முடிந்ததா என்று ஆரம்ப சுகாதார நிலையம் ஊர்வாரியாகக் கணக்குச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், உங்கள் வீட்டுப் பெண்களை ஒருமுறை அங்கே கூட்டிப்போய் வந்துவிடுங்கள்.