'ஷ்யூர்' சொல்றீங்களே, கவலை இல்லையா?

"நாளைக்கு வந்துடுவியா?" "ஷ்யூர்ண்ணே!"

கண்டமங்கலம் பஸ் ஸ்டாப்பில் இந்தப் பேச்சு காதில் விழுந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு நம்ம ஊர்ச் சொல்லாகிவிட்டது அது.

ஆங்கிலத்துக்கும் அது வந்து சேர்ந்த சொல்தான். லத்தீனில் 'சே' என்றால் இல்லாமல். 'கூரா' என்றால் கவலை. இரண்டும் சேர்ந்த 'செகூருஸ்', கவலையற்றவர். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் 'ஷ்யூர்' ஆனது. அதே லத்தீன் சொல்லை ஆங்கிலம் பிற்பாடு நேராகவே எடுத்துக்கொண்டபோது கிடைத்தது 'செக்யூர்'. ஏ.டி.எம் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி நம் ஷ்யூருக்குத் தம்பி முறை!

கண்டமங்கலத்துக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி எல்லை. 1954 நவம்பர் 1 வரை அந்தப் பக்கம் பிரெஞ்சு நிர்வாகம். பிரெஞ்சில் இந்தச் சொல்லின் 'யு' எழுத்துக்குத் தலையில் ஒரு தொப்பி போடுவார்கள். 'மேலே' என்று பொருள்படும் இன்னொரு சொல்லோடு குழம்பாமல் இருக்கத்தான்.

ஆங்கிலத்தில் தொப்பி இல்லை, குழப்பம் உண்டு. 'ஹி இஸ் ஷ்யூர் ஆஃப் வின்னிங்' என்றால், ஜெயிப்போம் என்று அவர் நம்புகிறார். 'ஹி இஸ் ஷ்யூர் டு வின்' என்றால், அவர் ஜெயிப்பார் என்று சொல்பவர் நம்புகிறார். அவருக்கே நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளவும். 'மேக் ஷ்யூர்' என்றால் சரிபார்த்துக்கொள். தனியாக 'ஷ்யூர்' என்றால் 'ஆகட்டும்'. வாட்ஸ்அப்பில் அது பல நேரம் 'பார்க்கலாம்' என்பதற்கு மரியாதையான பெயர்.

'இன்ஷூரன்ஸ்' என்பதற்குள்ளும் இதே ஷ்யூர்தான் உட்கார்ந்திருக்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்ட வயல்கள் தண்ணீரில் நின்றன. பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம், கரும்புக்கு 5 சதவிகிதம் விவசாயி கட்ட வேண்டும். ஆனால், இழப்பீடு பெரும்பாலும் அந்தப் பகுதியின் சராசரி மகசூலை வைத்தே கணக்காகிறது. பக்கத்து வயல்கள் தப்பி, தன் வயல் மட்டும் முழுகியவருக்கு அதனால் கைக்கு வருவது குறையலாம், வராமலும் போகலாம். பிரீமியம் கட்டும் கவுன்ட்டரில் "ஷ்யூரா வருமாங்க?" என்று ஒருவர் கேட்டால், அவர் விசாரிப்பது அந்தப் பழைய லத்தீன் 'கூரா'வைத்தான்.